நான் குறிவைத்த நீலக் கதவு

பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவள் நான். அப்படிப்பட்டவள் பாலக்காட்டில், கல்பாத்திப் பக்கம் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்து, மூன்று வாரம் ஓர் ஏவுகணை செய்தேன். நிஜமானதல்ல. ராணுவ கேம் ஒன்றுக்கான முப்பரிமாண மாடல். விமானத்திலிருந்து கிளம்பி, லேசர் ஒளி தொடும் இடத்தில் போய் விழும் வகை. மூக்கில் கண்ணாடி, நடுவில் மஞ்சள் பட்டை, நான்கு துடுப்புகள், ஒவ்வொரு திருகின் தலையிலும் தேய்மானம். வேலை விஷயத்தில் நான் கர்வக்காரி. ஒரு திருகு கோணலாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அதை ஓட்டிப் பார்க்க, விழுவதற்கு ஓர் இடம் வேண்டும். மலையில் ஓர் ஏழைக் குடியிருப்பாக இருக்கட்டும், எந்த நாடு என்று தெரியக்கூடாது என்று மேலாளர் எழுதியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் லயம் நினைவுக்கு வந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். படம் எடுப்பதற்கென்றே அந்த வாரம் ஊருக்குப் போனேன்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா நான் போனைத் தூக்குவதைப் பார்த்தாள்.

"வீட்டையா எடுக்கே? இரு, பெருக்கிட்டு வாரேன்."

வாசலைப் பெருக்கினாள். தகர டப்பாவில் வளர்த்த ரோஜாச் செடியை நீலக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். "அது இருக்கட்டும்மா, அதான் அழகு."

"அங்க ஊரு ஞாபகம் வந்தா பாக்கதுக்கா?"

"ஆமாம்மா."

அந்தப் படங்களைப் பார்த்து லயத்தை அப்படியே செய்து அனுப்பியதும் மேலாளர் மெச்சினார். முக்கியமாக அந்தத் துணிக்கொடி, அதில்தான் உயிர் இருக்கிறது என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவரைக் கையோடு கூட்டிவந்தாள்.

"எம்மவ என்ன வேல செய்யுதான்னு இவளுவ கேக்காளுவ. காட்டுட்டி."

எனக்கும் பீற்றிக்கொள்ள ஆசை. மடிக்கணினியில் முதலில் ஏவுகணையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். புது குக்கரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அது பறக்குமா என்று ஓர் அக்கா கேட்டாள். பறக்கவிட்டுக் காட்டுகிறேன் என்று சோதனைக் காட்சியைத் திறந்தேன். சொன்னால் நம்புவது கஷ்டம். மாதக்கணக்கில் அதையே பார்த்து, அது லயம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எனக்கு அது வெறும் இலக்கு.

அவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நம்ம லயம்லா இது."

"எங்க பைப்படியப் பாரு."

"ரோசாச் செடியக்கூட வச்சிருக்கா," என்றாள் அம்மா. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. "அந்தச் சிவப்பு என்னட்டி, நம்ம கதவுல?"

அப்போதே மூடியிருக்கலாம். நானோ பாடம் எடுத்தேன். அதுதான் லேசர் புள்ளி, விழுகிறவரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், ஏவுகணை அதைத் தேடித்தான் வரும் என்றேன். சொல்லிக்கொண்டே மவுஸை அசையாமல் பிடித்திருந்தேன். விழுந்தது. எட்டு வீடும் புழுதியாகிவிட்டது.

மூத்த அக்கா கேட்டாள்.

"உள்ள ஆளு இருந்துச்சா?"

"இல்லக்கா. கேம்தான. காலி வீடு."

"காலி வீடுன்னா துணி எப்படிக் காயுது?"

அடுப்பில் சோறு கிடக்கிறது என்று இருவரும் எழுந்து போனார்கள். அம்மா திட்டவில்லை. தேநீர் குடித்த கிளாஸ்களைக் கழுவ எடுத்துப் போனாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பாலக்காடு திரும்பியதும் வேறு குடியிருப்பு செய்து தருகிறேன் என்று மேலாளருக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. காரணம் கேட்பார், நான் வாங்கிய நல்ல பெயர் போய்விடும் என்று பயம். கதவின் நீலத்தை மட்டும் பழுப்பாக மாற்றினேன். துணிக்கொடியில் கைவைக்கவில்லை. ரோஜாவும் அங்கேயேதான் நின்றது.

அடுத்த முறை வீட்டுக்குள் கால்வைத்து, பையைக்கூட இறக்கவில்லை, அம்மா கேட்டாள்.

"நம்ம வீட்ட அதுலருந்து எடுத்துட்டியாட்டி?"

"எடுத்துட்டேம்மா."

அவள் முகம் தெளிந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருத்தியிடமும், "எம்மவ நம்ம லயத்த எடுத்துட்டாளாம், இனி ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது.