முனியாண்டிக்குப் போட்ட பொன்னாடை

மலேசியாவில் பெடாஸ் பக்கம், நான் ஐந்தாம் ஆண்டு வரை படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில், வாழ்நாள் சேவைக்காக என் வகுப்புத் தோழன் முனியாண்டிக்குப் பொன்னாடை போட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. ஜொகூரிலிருந்து பினாங்கு வரை பம்பு, பைப்பு வேலை பார்த்தவன் நான். பள்ளி வேலியைத் தாண்டாமல் இங்கேயே எடுபிடி வேலை பார்த்த இவனுக்குப் பொன்னாடையா?

அப்போது கேண்டீன் நடத்தும் பெண் மேடைக்கே ஓடி வந்தார்.

"அண்ணே, பம்பு நின்னு போச்சு! அரிசிகூட இன்னும் கழுவலைலா!"

முனியாண்டி பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினான். இதிலும் அவனே பெயர் வாங்குவதா என்று நான் எழுந்து மறித்தேன்.

"நீ உட்காருடா, நான் பாக்குறேன்."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருண்ணே?"

போன ஊர்களிலெல்லாம் கேட்ட கேள்விதான். அன்று மட்டும் நான் முனியாண்டியின் முகத்தைப் பார்த்தேன்.

"நம்ம ஸ்கூல் பையன்தான்லா, விடு," என்றான் முனியாண்டி.

பம்பைச் சரிசெய்தேன், தண்ணீர் வந்தது. பொன்னாடையைப் பார்த்து வந்த பொறாமை அன்றே போய்விட்டது. ஆனால், என்னை அந்தப் பள்ளியின் பிள்ளை என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்ததே, அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.