கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்

கால்பந்து கோச் என்றால் நடுக்கோட்டுக்கு அருகே நின்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் நிற்பது எங்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால். திருவையாறு வட்டாரத்து பி.டி. வாத்தியார்கள் என்னைப் ‘பந்து பொறுக்கும் டீச்சர்’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காரணம் எங்கள் கோல்கீப்பர், ஒன்பதாம் வகுப்புப் பெண். போன கோடையில், அறுப்பு முடிந்த வயலில் தோழிகளோடு விளையாடும்போது, கோலுக்காக நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் தலை மோதி மயங்கிவிட்டாள். டாக்டர் விளையாடலாம் என்ற பிறகும் அவள் அம்மாவுக்கு மனம் வரவில்லை. நடவிலிருந்து சேற்றுக்காலோடு பள்ளிக்கு வந்தார்.

“நீங்க அவ பக்கத்துலயே நிக்கிறதா இருந்தா அனுப்புறேன் டீச்சர்.”

வாக்குக் கொடுத்தேன். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. எனக்கும் அதுதான் வசதி.

தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. நடுவர் என்னைக் கூப்பிட்டு, நடுக்கோட்டுக்கு அருகே சுண்ணாம்பில் போட்ட கட்டத்தைக் காட்டினார். கோச் அதைத் தாண்டக் கூடாது. கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. அவர் சொன்னது நியாயம் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

அங்கிருந்து பார்த்தால் அவள் சுண்டுவிரல் அளவுதான் தெரிந்தாள். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கம்பத்தையே பார்த்தேன். கடைசியில் எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். எங்கள் பெண் கொஞ்சமும் தயங்காமல் ஓடி வந்து அவள் காலடியில் விழுந்தாள். இருவரும் உருண்டார்கள். எழுந்தது எங்கள் பெண் இல்லை.

நடுவர் கைகாட்டாமல் உள்ளே போக முடியாது. கோட்டின் மேல் நின்றபடி, அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு அவள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். உடம்பில் சிராய்ப்புகூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும், என்றைக்கும் இல்லாமல் ஏன் அப்படிப் பாய்ந்தாய் என்று அதட்டினேன்.

“நீங்க பின்னாடி நின்னா, பந்து வரும்போதெல்லாம் ஐயோன்னு மூச்சை இழுப்பீங்க மிஸ். அது காதுல விழுந்தா எனக்குக் காலே நகராது. இன்னைக்கு அது கேக்கல.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் செய்து, பக்கத்தில் நிற்க முடியாமல் போனதையும் அவள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எனக்கும் அப்படித்தான் டீச்சர், ஐயோன்னு வரும். அதனாலதான் நான் வராம, உங்கள நிக்கச் சொன்னேன்.”