ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்த துணி

மலர் கடைக்குள் வந்ததும் குழந்தையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். காலர் உரசிய இடம் முழுவதும் சிவந்து தடித்திருந்தது. முந்தின நாள் நான் தைத்துக் கொடுத்த கோட். ஒரு மணி நேரம்தான் போட்டுப் பார்த்தார்களாம்.

ஆரணியில் இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். பட்டு ஜாக்கெட்டில் ஒரு நூல் இழுக்காமல் லைனிங் வைப்பது எனக்குக் கைவந்த வேலை. குளிருக்கு உடை தைத்தது அதுதான் முதல் தடவை. அதில் நான் எங்கே தப்பு விட்டேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

மலருக்குக் கண்ணமங்கலம் பக்கம். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். இமாச்சலில் ஒரு மலை ஊரில் குடும்பத்தோடு தங்க அவருக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. கல்யாணமாகி நாலு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். குழந்தை யாழினிக்கு ஒன்றரை வயது. மற்றதெல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ரயிலை விட்டு இறங்கும்போதே குழந்தையின் உடம்பில் சரியான உடை இருக்க வேண்டும். இங்கே கடையில் கிடைத்த ஸ்வெட்டர் எல்லாம் நம் ஊர் மார்கழிக்குப் போடுவது.

மலரின் மாமனார் ஏழுமலை, களம்பூர் ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். அன்று அவரும் கூட வந்திருந்தார்.

"நம்மூர் வெயில்லயே இப்டி தடிக்குது. அங்க பனில இன்னா ஆவும்? நீ போய் இரும்மா. கொழந்த எங்ககிட்ட இருக்கட்டும்."

"இத வுட்டுட்டு நான் எப்டி மாமா போவேன்?"

"அப்ப நீயும் இரு."

மலர் என்னைப் பார்த்தாள். ரயிலுக்கு மூன்று நாள் இருந்தது. நாளை மறுநாள் சாயங்காலம் வரை பொறுக்கும்படி பெரியவரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். நம்பி ஆட்டியதாகத் தெரியவில்லை.

1. கொளுத்திப் பார்த்தது

நம் ஊரில் பட்டு வாங்குகிறவர்கள் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி கருகிய வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அசல். உருகி உருண்டையாக நின்றால் கலப்படம். எனக்கும் அந்தப் பழக்கம் ஊறிப் போயிருந்தது.

கோட்டுக்குத் துணி எடுக்க வேலூர் போயிருந்தபோது கடைக்காரர் முதலில் ஃப்ளீஸ் காட்டினார். இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருக்கும், கையில் கனமே தெரியாது. ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி, வாசலுக்குப் போய் தீக்குச்சி கிழித்தேன்.

"இன்னாங்க, துணி எடுக்க வந்தீங்களா, சூடம் காட்ட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

உருகிக் கறுப்பு உருண்டை ஆனது. பாலியஸ்டர். குழந்தைக்குப் போய் பிளாஸ்டிக்கா என்று ஒதுக்கிவிட்டேன். அடுத்து உல்லன் துணி. முடி வாசனை, பொடிச் சாம்பல். அசல் ஆட்டு ரோமம். கனமாகவும் இருந்தது. நம் ஊரில் பட்டு கனமாக இருந்தால் தனி மரியாதை. வேறு எதையும் யோசிக்காமல் அதையே வாங்கினேன்.

கோட்டையும் ஜாக்கெட் தைப்பது போலவே தைத்தேன். உடம்போடு ஒட்டிய ஃபிட்டிங். முரட்டு ரோமத்துக்கும் குழந்தையின் தோலுக்கும் நடுவில் ஒன்றும் வைக்கவில்லை.

2. நான்கு பாட்டில்

பெரியவர் போன பிறகு, வேலூர் பஸ் ஏறி ஃப்ளீஸும், ரெயின்கோட் தைக்கிற நைலான் துணியும் வாங்கி வந்தேன். என் கடைக்கு எதிரே சாதிக் பாயின் கூல்டிரிங்ஸ் கடை. அங்கே பெரிய ஐஸ்கிரீம் பெட்டி உண்டு. ஒரே அளவுள்ள நான்கு பாட்டிலில் ஒரே வெந்நீரை ஊற்றினேன். முதல் பாட்டிலுக்கு கெட்டியான காட்டன் பேன்ட் துணி. இரண்டாவதுக்கு உல்லன், நூல் போட்டு இறுக்கிக் கட்டியது. மூன்றாவதுக்கு அதே உல்லன், தளர்வாக. நான்காவதுக்கு ஃப்ளீஸ், அதுவும் தளர்வாக.

"பாட்டிலுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்க ஆரம்பிச்சுட்டீங்களா டெய்லர்?" என்றார் பாய்.

"அரை மணி நேரம் உள்ள இருக்கட்டும் பாய்."

"ஜல்தி பாருங்க. பசங்க குல்ஃபி கேட்டா உங்க வெந்நீரத்தான் எடுத்துக் குடுப்பேன்."

எடுத்துப் பார்த்தபோது காட்டன் பாட்டில் ஆறிக் கிடந்தது. இறுக்கிய உல்லன் வெதுவெதுப்பு. தளர்வான உல்லனும் ஃப்ளீஸும் நல்ல சூடு. துணி சூடு கொடுப்பதில்லை, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பிடித்து வைப்பது இழைகளுக்கு நடுவில் நிற்கிற காற்று. இறுக்கிக் கட்டினால் காற்றுக்கு இடமில்லை.

பிறகு ஃப்ளீஸை வாயில் வைத்து ஊதினேன். மூச்சு அந்தப் பக்கம் போனது. மலைக்காற்றும் அப்படித்தான் உள்ளே வரும். நைலானை ஊதினேன், மூச்சு போகவில்லை. காட்டன் துண்டையும் மெல்லிய பட்டுத் துண்டையும் நனைத்து நிழலில் போட்டேன். பட்டு சீக்கிரம் காய்ந்தது. காட்டன் ஈரத்தை விடவே இல்லை. வேர்வையில் நனைந்த துணி குளிர் ஊரில் உடம்பை இன்னும் குளிர வைக்கும்.

3. மூன்று அடுக்கு

தோலில் படுகிற உள்சட்டைக்கு ஜரிகை இல்லாத பட்டு. புதுப் பட்டில் கஞ்சி விறைப்பு இருக்கும், அதனால் இரண்டு தடவை அலசிய பிறகே வெட்டினேன். நடுவில் ஃப்ளீஸ், மேலே நைலான். குழந்தை கையைத் தாராளமாகத் தூக்குகிற அளவுக்கு லூஸ் விட்டேன். முதலில் தைத்த கோட்டையும் வீணாக்கவில்லை. பிரித்து, உள்ளே பட்டு வைத்துக் குல்லாவாகத் தைத்தேன். ரோமத்தின் மேல் குற்றமில்லை, நான் வைத்த இடம்தான் தப்பு.

கொளுத்திப் பார்த்ததில் வந்த கறுப்பு உருண்டையும் பொய் சொல்லவில்லை. அது நெருப்பில் உருகும் என்று சொன்னது. "ரூம் ஹீட்டர் பக்கத்துல இந்தக் கோட்டோட கொழந்தைய வுடாதம்மா" என்று மலரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

4. பெரியவர் பார்த்த விதம்

தவணை சொன்ன சாயங்காலம் மலரும் பெரியவரும் வந்தார்கள். உள்சட்டையைப் போட்டுக்கொண்டு யாழினி ஒரு மணி நேரம் என் கடையிலேயே விளையாடினாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. பெரியவர் அதைக் குனிந்து பார்த்தார். குழந்தையின் கோட்டை எடுத்துக்கொண்டு நேராக எதிர்க் கடைக்குப் போனார். கோட்டுக்குள் வலது கையை நுழைத்தார். இரண்டு கையையும் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, ஐஸ்கிரீம் வேணும்னா கேளுங்க, நானே எடுத்துத் தரேன்," என்றார் பாய்.

"சும்மா இருங்க பாய். எடை பாத்துகினு இருக்கேன்."

சிறிது நேரம் கழித்து இடது கையை வெளியே எடுத்து உதறினார். வலது கை உள்ளேயே இருந்தது. மலர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள். பிறகு அதையும் எடுத்து, கோட்டை உருவி அவளிடம் கொடுத்தார்.

"அந்தக் கை மரத்துப்போச்சு. இதுல குளுரே தெரில," என்றார். "வண்டி எத்தினி மணிக்கும்மா?"

அசலா கலப்படமா என்று கேட்டுப் பழகிய ஊர் நம்முடையது. பட்டு வாங்க அந்தக் கேள்வி போதும். உடை தைக்க, இந்தத் துணி எங்கே படும், என்ன வேலை செய்யும் என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். இப்போதும் நான் நூலைக் கொளுத்திப் பார்க்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்வதில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். பெரியவர் மட்டும் திரும்பி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"டெய்லர், எனக்கும் ஒண்ணு அளவு எடுங்க. பொங்கலுக்கு ஒரு எட்டு போயி பாத்துட்டு வரணும்."

மார்பைச் சுற்றி டேப்பை வைத்தேன். பழக்கத்தில் இறுக்கப் போன கையை நிறுத்தி, டேப்புக்குள் நாலு விரல் விட்டு அளவைக் குறித்தேன்.