சகலை காரின் பிரேக் ஆயில்

எங்கள் தெருக் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஊரில் யார்மேலும் பொறாமை கிடையாது. எதிரிலேயே இன்னொருவர் கண்ணாடிக்கடை திறந்தபோது முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தவர். தன்னிடமிருந்த பொறாமை மொத்தத்தையும் அவர் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஆளுக்கென்று வைத்திருந்தார். அந்த ஆள், மனைவியின் தங்கை புருஷன். அதாவது சகலை.

காரணம் ஒரு கார். மாமனாருடையது. கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள், நம்மில் பலரைவிட வயதில் மூத்தது. மாமனாருக்குப் பார்வை மங்கியபோது கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் மூத்த மாப்பிள்ளை. கார் சாவி போனதோ இளைய மாப்பிள்ளைக்கு. "நீங்க எப்பவும் கடையிலயே இருக்கீங்க மாப்பிள்ளை, வண்டி சும்மா நிக்கக்கூடாது பாருங்க" என்று மாமனார் சொன்ன சமாதானம் இன்றுவரை நம்மவருக்குச் செரிக்கவில்லை.

சகலைக்குக் காரைச் சிரித்துக்கொண்டே ஓட்டத் தெரியும். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனால் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"அண்ணே, பிரேக் ஆயில் பாக்கணும்னீங்களே, வர்றீங்களா? உங்க கை பட்டாத்தான் அது சொன்னபடி கேக்குது."

வயிறு எரிய எரியக் கிளம்புவார். கிளம்பாமலும் இருக்க முடியாது. காரைத் தொட அவருக்கு வேறு வழியில்லை. மனைவி வாசலில் மறிப்பார். "எனக்கு ஒரு மாசமா பல்வலி. என் வாயை எப்ப பானெட் மாதிரி தொறந்து பாப்பீங்க?"

போன ஞாயிறு சகலை வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மாமனாரும் வந்திருந்தார். நம்மவர் நேராகக் காரிடம் போனார். ஆயில் டப்பா இரும்பு என்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. தூசி உள்ளே விழாதபடி மூடியைச் சுற்றித் துணியால் துடைத்து, குழந்தைக்குக் காது பார்ப்பதுபோல மெதுவாகத் திறந்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது. சக்கரம் சக்கரமாகக் குனிந்து கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டு, புது பாட்டிலைத் திறந்து ஊற்றி நிரப்பினார்.

பாட்டிலை எடுக்கும்போது ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்தது.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்துவிடும். இது அவருக்குத் தெரியும். கையில் துணியும் இருந்தது. கைதான் நகரவில்லை. சாப்பிட்டுவிட்டு மாமனார் வெளியே வருவதும், தழும்பைப் பார்ப்பதும், "உங்ககிட்டயே குடுத்திருக்கணும் மாப்பிள்ளை" என்று பெருமூச்சு விடுவதும் அவர் கண்முன் ஓடின. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

"அண்ணன் இல்லேன்னா இந்நேரம் இந்த வண்டிய எடைக்குப் போட்டிருப்பேன் மாமா" என்று சகலை சிரித்தார்.

நம்மவர் சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தார். வெளியே ஒரு சொட்டு, அவர் அருமைக் கரும்பச்சையைத் தின்றுகொண்டிருந்தது. சட்டென்று தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு எச்சில் கையோடு ஓடினார். மொத்தக் குடும்பமும் பின்னால் ஓடிவந்தது. அவர் மட்கார்டுக்குக் குடிதண்ணீரில் அபிஷேகம் செய்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"வண்டி... வெயில்ல சூடாயிருந்துச்சு."

"நிழல்லதானே நிக்குது?" என்றார் அவர் மனைவி.

மாமனார் குனிந்தார். கட்டைவிரல் நகமளவு பெயின்ட் சுருங்கிப்போயிருந்தது. மூத்த மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாக அது பளிச்சென்று தெரிந்தது.

"யார் பண்ண வேலை இது?"

நம்மவர் வாயைத் திறக்குமுன் சகலை முந்திக்கொண்டார். "நான்தான் மாமா. முந்தாநாள் நானே ஊத்திப் பாத்தேன், சிந்திடுச்சு."

மாமனார் முகம் மலர்ந்தது. இளைய மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, மூத்தவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? தப்பு பண்ணா மறைக்கவே மாட்டாரு. அதுக்காகத்தான் சாவிய இவர்கிட்ட குடுத்தேன்."

எல்லோரும் உள்ளே போனதும், "விடுங்கண்ணே, நம்ம வண்டிதானே" என்று சகலை காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அது பெருந்தன்மையா, கெட்டிக்காரத்தனமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம்மவருக்கு இரண்டுமே வலித்தது. காரைக் கொண்டுபோனவர், இவர் செய்த குற்றத்தையும் அல்லவா தட்டிக்கொண்டு போய்விட்டார்!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி சொன்னார்: "சும்மா சொல்லக்கூடாது, தங்கச்சி புருஷன் தங்கமான மனுஷன்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "அதைச் சிந்தினது நான்! துடைக்காம விட்டதும் நான்!" என்று நடுத்தெருவில் கத்தினார்.

மனைவி நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயோ பாவம். அவருக்கு ஒரு நல்ல பேர் கிடைச்சா அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?"