மடிப்பு வைத்த டேப்

என் வீட்டுக்காரருக்குக் குவாரியில் 'அறுபது' என்று பெயர். வயது நாற்பத்திரண்டுதான். புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "இன்னும் ரிட்டையர் ஆகலையா சார்?" என்று அவரிடமே விசாரித்தாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பாறை அள்ள இப்போது வருகிற எக்ஸ்கவேட்டர் வண்டியில் சின்னச் சின்ன கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, ஆபரேட்டர் முன்னால் இருக்கும் திரைக்கு ஒன்று. முறுக்கிவிட்ட இரண்டு ஒயர் வழியாகத்தான் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேச்சு நின்றால் திரையில் 'தொடர்பு இல்லை' என்று வரும், அவ்வளவு பெரிய வண்டி சண்டி மாடு மாதிரி நின்றுவிடும். மற்றவர்கள் உடனே பெட்டியை மாற்று என்பார்கள். இவர் மாட்டார். பேட்டரியை அணைத்துவிட்டு அந்த இரண்டு ஒயரிலும் மீட்டரை வைப்பார். வழி முழுசாக இருந்தால் அறுபது ஓம் காட்டும். எங்காவது அறுந்திருந்தால் நூற்றிருபது. "அறுபது வரட்டும், அப்புறம் பேசு" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. உனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? பதினாறு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து இதைத்தானே கேட்கிறேன்!

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், நகம் கடிப்பது. யோசனை வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பத்து விரலிலும் நகம் என்று பேருக்குக்கூடக் கிடையாது. ஒயரில் சுற்றிய கருப்பு டேப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் மனுஷன் படாதபாடு படுவார்.

அதற்கு வழி கண்டுபிடித்தது என் அண்ணன். அவனும் எலக்ட்ரீஷியன்தான். இரண்டு வருஷம் வேலை இல்லாமல் சும்மா இருந்தவனை, மேனேஜரிடம் நடையாய் நடந்து உள்ளே சேர்த்துவிட்டது இவர். அன்றிலிருந்து டேப் சுற்றினால் கடைசி நுனியை ஓர் அரிசி அளவு மடித்துவிடுவான். "மாப்பிள்ளைக்கு நகம் கிடையாதே, பாவம், பிரிக்கக் கஷ்டப்படுவாரு" என்பான். என் இஸ்திரிப் பெட்டி ஒயரிலும் அதே மடிப்பு, காலிங் பெல் ஒயரிலும் அதே மடிப்பு. இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். என் வாயில் மண்ணைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

குவாரியில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. இரண்டு எலக்ட்ரீஷியனில் ஒருவர்தான் இருக்கலாம். அது இவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

அந்த மாதம்தான் பெரிய வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. 'தொடர்பு இல்லை' என்று திரையில் வந்து பாதி வேலையில் நின்றது. இவர் மீட்டரை வைத்தார், அறுபது. கனெக்டரை எல்லாம் துடைத்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. மறுபடியும் அறுபது, மறுபடியும் கையெழுத்து. "மூணாவது தடவை நின்னுச்சுன்னா நீங்க வீட்டோட இருந்துக்கங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை, லாரிக்கு மேலே பாறையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. லாரி டிரைவர் கதவைத் திறந்து குதித்து ஓடினாராம்.

நிற்கும்போது அறுபது காட்டுகிற வண்டி ஆடும்போதுதான் கெடுகிறது என்று அன்றைக்கு இவருக்கு உறைத்தது. மீட்டரை மாட்டிவிட்டு, ஒயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாகக் கையால் ஆட்டிக்கொண்டே வந்தார். ஆபரேட்டர் சீட்டுக்கு அடியில் கை பட்டதும் மீட்டர் நூற்றிருபதுக்குத் தாவியது. பிரித்துச் சரிசெய்தார், வண்டி ஓடியது. "ஒயர் உரசி அறுந்திருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறார். "அதைப் பாக்காமலா ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டீங்க?" என்று மேனேஜர் கேட்டார். அதோடு வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதும் இவ்வளவுதான். நானும் அப்படியே நம்பினேன். இரண்டு நாள் கழித்துத் துவைக்க எடுத்த சட்டைப்பையில் ஒரு துண்டு கருப்பு டேப் இருந்தது. நுனியில் அரிசி அளவு மடிப்பு.

"என்னங்க இது?"

பார்த்ததும் அவர் கை வாய்க்குப் போனது. "சீட்டுக்கு அடியில இருந்துச்சு. ஒயர் தானா அறுபடல. கட்டர் வெச்சு வெட்டி, சும்மா தொடுற மாதிரி வெச்சு, மேல டேப் சுத்தியிருக்கு."

"இதை ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"உன் அண்ணனாச்சே."

"என்னைக் கேட்டீங்களா? நான் சொன்னேனா, என் அண்ணனைக் காப்பாத்துங்கன்னு? ஒரு வார்த்தை சொன்னீங்களா என்கிட்ட?"

"இனிமே சொன்னா பொறாமையில பேசறேன்னுதான் சொல்வாங்க. டேப் மடிப்பைக் காட்டினா சிரிப்பாங்க."

கூடப்பிறந்தவன் நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்றால், கட்டினவர் அதை இரண்டு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்!

அன்று சாயங்காலமே அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தான். "மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நாளாவே கவனம் இல்லம்மா" என்று ஆரம்பித்தான். நான் அந்த டேப் துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது நீ சுத்தினதுதானே அண்ணே?"

அவன் கண் இமைக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? கருப்பு டேப்பை யாரு வேணாலும் சுத்தலாம். மடிக்கிறதும் எல்லாரும் பண்றதுதான்."

நான் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியையும் டேப் சுருளையும் எடுத்து வந்தேன். ஒயர் புதிதாக ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. "சரி, இதைச் சுத்திக் குடு" என்றேன்.

சுற்றினான். அழகாக, சுருக்கமே இல்லாமல் ஐந்து சுற்று. டேப்பை வெட்டியதும் அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியை மடிக்கத் தானாகக் கூடின. சட்டென்று நிறுத்தினான். என்னைப் பார்த்தான். பிறகு நுனியை மடிக்காமல் ஒயரோடு ஒயராக அழுத்தித் தேய்த்துவிட்டான்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து வந்தார். ஒயரைக் கையில் வாங்கி, நகமில்லாத விரலால் நுனியைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம் சுரண்டினார்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் மச்சான் நீ எனக்கு நகம் இல்லைங்கறதை மறந்திருக்கே" என்றார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை குவாரி வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. நாலு வீடு தள்ளி அவன் வாசலில் நின்று ஹார்ன் அடித்தது. பழக்கதோஷத்தில் இவர் மீட்டர் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.