நைனா பெயரில் ஒரு கொடி

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எங்கள் ஊரான திருப்போரூரின் புதர்க்காட்டில் ஏறிக் கிடந்த ஒரு கொடியின் பூ, எந்தப் புத்தகத்தின் விவரத்துக்கும் ஒத்துவரவில்லை. புது இனம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

புது இனத்தை விவரித்து எழுதுபவரே பெயரும் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்வது மட்டும் வழக்கமில்லை. அப்பா பெயரை வைக்கலாம். என் நைனா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு உழைத்தவர். ஒரு பட்டாவிலும் ஏறாத பெயர் அவருடையது. அது லத்தீன் வாலோடு உலகப் புத்தகங்களில் ஏறட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவரிடம் சொல்லியும் தொலைத்தேன். மறுநாளே டீக்கடை முழுக்கத் தெரிந்துவிட்டது.

இலை, காம்பு, பூ எல்லாம் அளந்து எழுதியாயிற்று. காய் இல்லாமல் ஆய்விதழுக்கு அனுப்பாதே என்றார் என் ஆராய்ச்சி வழிகாட்டி. இரண்டு பருவம் காத்திருந்தேன். கொத்துக் கொத்தாகப் பூத்து உதிர்ந்ததே தவிர, ஒரு பிஞ்சு கூட இல்லை. பூவுக்குள் காயாக வேண்டிய சூலகம் பெயருக்கு ஒரு புள்ளியாக இருந்ததைப் பார்த்தும், முதிராத பூ என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் புதரைச் சுற்றி மனைக்கல் நட ஆரம்பித்துவிட்டார்கள். கொடியின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சென்னைக்குப் போய், செடிகளைக் காயவைத்து ஒட்டிய பழைய உலர்செடித் தாள்களைப் புரட்டினேன். ஒரு தாளில் அதே இலை, அதே காம்பு, கொத்தாகக் காய். இந்தக் கடற்கரைப் பக்கம்தான் எடுத்தது. சில கொடிகளில் ஆண் தனி, பெண் தனி. எந்தக் காலத்திலோ வந்த ஒரு வெள்ளைக்காரர் பெண் கொடியை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஆண் கொடியின் அடியில் நின்று காய்க்குக் காத்திருந்திருக்கிறேன். முதலில் அச்சேறிய பெயரே நிற்கும் என்பது விதி. ஆண் பூவை முதலில் விவரித்தவள் என்ற பெருமை உனக்கு உண்டு என்றார் வழிகாட்டி. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. திருப்போரூர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வாசலிலேயே நைனா கேட்டார். "இன்னாம்மா, என் பேரு ஏறிச்சா?"

நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வெள்ளைக்காரன் இப்ப கீறானா?"

"எப்பவோ செத்துட்டாரு நைனா."

"செத்தவனுக்கு இன்னாத்துக்கும்மா பேரு? நான் உசுரோடதானே கீறேன்."

சிரிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே கேட்டார்.