மாஸ்டர் சாமிக்கு வந்தது அருள் அல்ல

“உடம்பு குறைஞ்சா மலை ஏறுறது லேசாகணும்ல தம்பி? எனக்கு ஏன் காலே தூக்க மாட்டேங்குது?”

கார்த்திகை பிறந்த வாரம் தங்கதுரை மாஸ்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு, குமுளியில் அவர் சமைக்கும் ஓட்டலில் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டருக்கு அறுபத்தாறு வயது. வெகுகாலமாகச் சர்க்கரை நோய். சபரிமலைக்கு அவர் மாலை போடுவது இது பதினெட்டாவது முறை. பதினெட்டாம் வருடம் தென்னங்கன்று சுமந்து போவார்கள். அதைத் தன் காலால் நடந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெருத்த உடம்போடு போன வருடம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். அதனால் தனியார் டாக்டர் ஒருவர் சர்க்கரையும் எடையும் குறைய வாரம் ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்ததும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார். சர்க்கரை இறங்கியது. தொப்பை கரைந்தது. முட்டி வலிகூடக் குறைந்தது. இதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் பசியும் போய்விட்டது. கடுகு வெடித்தாலே அவருக்குக் குமட்டும். தாளித்துவிட்டுப் பின்பக்கச் சாக்கடைக்கு ஓடுவார். மாலை போட்ட பிறகு ஒருவேளைச் சாப்பாடுதான், அதிலும் பாதி இலையில் கிடக்கும். தொடை சூம்பிவிட்டது. குத்தவைத்துக் காய் நறுக்கினால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும்.

ஊர் இதைக் கொண்டாடியது.

“சாமிக்கு இருபது வயசு குறைஞ்சிருச்சு போங்க!”

“வேட்டி தானா நிக்குதா, கயிறு கட்டியிருக்கீங்களா சாமி?”

அவர்கள் குழுவின் குருசாமி பாண்டீஸ்வரன் மற்றவர்களைத் திட்டுவார்: “விரதம்னா இது விரதம். நீங்களும் இருக்கீங்களே, மூணு வேளையும் இட்லிய முழுங்கிக்கிட்டு!”

மாஸ்டர் சிரித்து வைப்பார். வாந்தியைப் பற்றிச் சொல்ல வெட்கம். டாக்டரிடம் போனால் மலைக்குப் போகாதே என்பாரோ என்று பயம்.

ஒருநாள் காலை, சாம்பார் அண்டாவின் முன்னால் அவர் கை நடுங்கியது. வேர்த்து ஊற்றியது. கண் எங்கோ வெறித்தது, வாய் குழறியது.

“சாமி வந்திருச்சு! சரணம் சொல்லுங்கப்பா!” என்று பாண்டீஸ்வரன் கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். ஒருவர் சூடம் கொளுத்தினார். ஒருவர் போனில் படம் பிடித்தார். இன்னொருவர் குனிந்து, “எம் பொண்ணுக்கு எப்ப சாமி வரன் அமையும்?” என்று குறி கேட்டார். மனிதர் மயங்கிச் சரிகிறார், இவருக்கு வரன்!

சாயா குடிக்க வந்த நர்ஸ் ஜிஸ்மி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். “மாறி நில்லு! சுகர் தாழ்ந்து போச்சு. பஞ்சசார எடுக்கு!” என்றார் மலையாளமும் தமிழுமாக. சர்க்கரையைத்தான் கேட்டார். நான் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன்.

“விரதச் சாமி வாயில எதுவும் வைக்காதீங்க” என்றார் பாண்டீஸ்வரன்.

“பின்னே, வாய்க்கரிசியா வைக்கணும்?” என்றார் ஜிஸ்மி.

மாஸ்டர் மெல்ல விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்களை அடையாளம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே டாக்டர் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. ஊசியோடு பழைய சர்க்கரை மாத்திரையையும் மாஸ்டர் விடாமல் போட்டிருக்கிறார். சாப்பிடாத வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. “உங்க எடையில கரைஞ்சது கொழுப்பு மட்டும் இல்ல, தசையும் சேர்ந்து கரைஞ்சிருக்கு. இந்த வயசுல போன தசை லேசுல திரும்பாது. அதான் கால் தூக்கல” என்றார். ஊசியை எறியச் சொல்லவில்லை. அளவைக் குறைத்தார், மாத்திரையை நிறுத்தினார். பருப்பு, பயறு, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடச் சொன்னார். இந்த வருடம் மலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

“டோலியில தூக்கிட்டுப் போயிருவோம் சாமி” என்றார் பாண்டீஸ்வரன்.

“நான் என்ன அரிசி மூட்டையா? நடந்தா வர்றேன். இல்லாட்டி அடுத்த வருஷம்.”

மாலையை உள்ளூர்க் கோயிலிலேயே கழற்றினார். அப்போது அழுதார். இப்போது சுண்டலை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிறார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்து பழகுகிறார். “மாஸ்டருக்குப் பக்தி போயிருச்சு” என்கிறார்கள், அன்று சூடம் காட்டிய அதே ஆட்கள். அவர்களுக்கு இலை போடவே எனக்குக் கூசுகிறது.

உங்கள் தெருவிலும் சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் வயதானவர் யாராவது வேகமாக மெலிந்துகொண்டிருக்கலாம். அவரைப் புகழும் முன், சாப்பிட முடிகிறதா, எதையும் பிடிக்காமல் எழ முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாஸ்டரின் இந்தக் கதையைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாயால் சொல்லிவிடுங்கள்.